மேக்கப் பே கோரிக்கையும் பிஸ்கட் டின் ரசீதுகளும்

2018 ஜூன் மாதம், ஐந்தாண்டுகளாக வேலை பார்த்த நிறுவனத்திலிருந்து விலகி, ஒரு வாடகை வேனையும் சில வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களையும் நம்பிச் சொந்தமாக ஏர்கான் சர்வீஸ் தொழில் தொடங்கினேன். மூன்று மாதம் கழித்து, கட்டாய ராணுவச் சேவையை முடித்த பின்னும் பயிற்சிக்கு அழைக்கப்படும் தேசிய சேவையாளர்கள் எல்லோருக்கும் பழக்கமான ‘எஸ்ஏஎஃப் 100’ அழைப்பாணை வந்தது. 2019 ஜனவரி நடுவிலிருந்து இரண்டு வாரம் முகாமில் இருக்க வேண்டும். அவ்வாண்டு சீனப் புத்தாண்டு பிப்ரவரி 5ஆம் தேதி. அதற்கு முந்தைய மூன்று வாரங்களில்தான் சிங்கப்பூரின் பாதி வீடுகள் ஏர்கானைக் கழுவச் சொல்லி அழைக்கும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும்.

பயிற்சியைத் தள்ளிவைக்கக் கோரி விண்ணப்பித்திருக்கலாம். நான் விண்ணப்பிக்கவில்லை. என்னையும் சேர்த்து ஏழு பேர் கொண்ட பிரிவுக்கு நான் சார்ஜன்ட். புதிதாகத் தொழில் தொடங்கியவன் என்று காரணம் காட்டி, மற்ற அறுவரை விட்டு விலகி நிற்க மனம் வரவில்லை. அந்த முடிவுக்காக இன்றும் வருந்தவில்லை. ஆனால் சம்பளக்காரனாக இருந்தபோது கவனிக்கவே தேவைப்படாத ஒரு நடைமுறையை, சுயதொழில் செய்பவனாக முதலிலிருந்து கற்றுக்கொள்ள நேர்ந்தது. என்னைப் போன்றவர்களுக்கு உதவும் என்பதால் அதை எழுதி வைக்கிறேன்.

தேசிய சேவைக்கு அழைக்கப்படுபவருக்கு அவருடைய பதவிக்குரிய சேவை ஊதியம் உண்டு. வெளியில் அவர் ஈட்டும் வருமானம் அதைவிட அதிகமானால், அந்த வித்தியாசத்தைத் தற்காப்பு அமைச்சு ஈடுசெய்கிறது. நாங்கள் ‘மேக்கப் பே’ என்று சொல்வது இதைத்தான். வேலையில் இருந்த காலத்தில் என் முதலாளி மாதச் சம்பளத்தைக் குறைக்காமல் கொடுத்துவிட்டு, அமைச்சிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்வார். என் கைக்கு வரும் தொகையில் ஒரு காசும் மாறாது என்பதால் அதன் பின்னால் ஒரு கணக்கு இருப்பதையே நான் அறியவில்லை. இப்போது முதலாளியும் நானே, கணக்கரும் நானே.

பயிற்சி முடிந்து வந்த வாரம் வங்கிக் கணக்கைப் பார்த்தபோது சேவை ஊதியம் மட்டும் வந்திருந்தது. அந்தக் காலத்தில் சுயதொழில் செய்பவர் தாமே கோரிக்கை அனுப்ப வேண்டும். அரசாங்க இணையச் சேவைகளுக்கான ‘சிங்பாஸ்’ அடையாளக் கணக்கு வழியாக உள்ளே நுழைந்து படிவத்தைத் திறந்தேன். வருமானத்துக்கான ஆதாரமாக வரி மதிப்பீட்டு அறிக்கை கேட்கப்பட்டிருந்தது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. கையில் இருந்த கடைசி அறிக்கை 2017ஆம் ஆண்டு வருமானத்துக்கானது. அதில் நான் இன்னொருவரிடம் சம்பளம் வாங்கும் ஊழியன். 2018இன் வருமானத்தை வரி ஆணையத்திடம் இணையவழி அறிவிக்கக் கடைசி நாள் 2019 ஏப்ரல் 18. என் தொழிலுக்கு அரசாங்கப் பதிவேட்டில் ஒரு பதிவெண் இருந்ததே தவிர, வருமானம் பற்றி ஒரு குறிப்புகூட இல்லை.

கணக்கைச் சேர்க்க உட்கார்ந்தேன். ரசீதுகளை எல்லாம் அம்மா ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். மேலே கிடந்தவை கார்பன் தாள் வைத்து நான் எழுதிய பில் புத்தகங்கள், அவற்றில் குறையில்லை. அடியில் இருந்த பெட்ரோல், வாகன நிறுத்தம், கேஸ் சிலிண்டர் ரசீதுகளில் பல வெளுத்துப்போய், வெற்றுத் தாளாக இருந்தன. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எண்ணின் தடம் மட்டும் தெரிந்தது. தொழில் ஆவணங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தாள்களோ ஏழு மாதம்கூடத் தாங்கவில்லை. அப்பாவும் நானும் நான்கு இரவு உட்கார்ந்து, வங்கிப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். அப்பா எழுபதுகளில் சேவை செய்தவர். ஒரு எண்ணைப் பார்த்துச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த கண்டிப்பு, பழைய முகாம் கணக்கெடுப்புகளில் பழகியதாக இருக்க வேண்டும். ஏழு மாத வரவு 37,800 வெள்ளி, செலவு 16,100 வெள்ளி, நிகர இலாபம் 21,700 வெள்ளி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஈட்டுத்தொகைக்கு அடிப்படையாவது இந்த நிகர இலாபம். நாம் வாங்கிய மொத்தத் தொகை அன்று. என்னைச் சந்தித்த பலரும் இதை மாற்றிப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

மதிப்பீட்டு அறிக்கை வந்ததும் கோரிக்கையோடு இணைத்து அனுப்பினேன். கணக்கிட்டு வந்த தொகை குறைவாக இருந்தது. தவறு என்னுடையது. தொழில் தொடங்கிய தேதியைக் காட்டும் பதிவு விவரத்தை நான் இணைக்கவில்லை. அதனால் ஏழு மாத இலாபம் பன்னிரண்டு மாதத்துக்கு வகுக்கப்பட்டு, மாதம் 1,808 வெள்ளி சம்பாதிப்பவனாக நான் தெரிந்தேன். உண்மையில் அது மாதம் 3,100 வெள்ளி. பதிவு விவரத்தை அனுப்பி மறுபரிசீலனை கோரினேன். தொலைபேசியில் பேசிய அதிகாரி பொறுமையாக, எந்தப் பக்கத்தில் எந்தத் தேதி தெரிய வேண்டும் என்று விளக்கினார். சில வாரங்களில் மீதித் தொகை வந்து சேர்ந்தது.

பணம் வந்துவிட்டது. இழப்பு ஈடாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். மேக்கப் பே ஓர் ஆண்டின் சராசரியைக் கணக்கில் கொள்கிறது. நான் இழந்தது அந்த ஆண்டின் உச்ச இரு வாரங்களை. அதோடு, ஒரு கூட்டுரிமை வீட்டு வளாகத்தை நிர்வகித்த நிறுவனம், நான் நவம்பரிலேயே அழைப்பாணையைக் காட்டித் தெரிவித்திருந்தும், ஜனவரியில் வேறொருவரை அழைத்து, 24 வீடுகளின் காலாண்டுப் பராமரிப்பை நிரந்தரமாக அவரிடமே கொடுத்துவிட்டது. பயிற்சித் திடலில் நான் கைப்பேசியைத் தொட முடியாத பிற்பகலில் அந்த அழைப்பை எடுத்தவர் அம்மா. “தம்பி கேம்ப்ல இருக்கான், சனிக்கிழமை வந்துடுவான்” என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

ஊழியர் ஒருவர் சேவைக்குச் சென்றால், அவரை அனுப்பி வைக்கும் கடமை முதலாளிக்குச் சட்டப்படி உண்டு. அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கவும் முடியாது. வாடிக்கையாளருக்கும் என்னைப் போல் வேலையை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்பவருக்கும் இடையே அத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லை. 1967இல் கட்டாயச் சேவை தொடங்கியபோது பெரும்பாலோர் ஒரு முதலாளியிடம் வேலை பார்க்கும் நிலை இருந்தது. இன்று என் பிரிவிலேயே மூவர் தனித்துத் தொழில் செய்பவர்கள். நாட்டின் தற்காப்புச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 3 விழுக்காடு. 2025 நிதியாண்டுக்கு 23.4 பில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. அந்தச் செலவு தேவையானது என்றே நம்புகிறேன். ஆனால் அந்த மொத்தத் தொகை வரவுசெலவுத் திட்டத்தில் தெரிவதுபோல, கைவிட்டுப்போன 24 வீடுகளின் விலை எந்தப் பட்டியலிலும் தெரிவதில்லை. அழைப்பாணை அனுப்பும்போதே சுயதொழில் செய்பவரிடம் அவருடைய உச்சப் பருவம் எது என்று கேட்டுப் பதிவுசெய்தால், இந்த இழப்பில் பெரும்பகுதி தவிர்க்கப்படும். அதற்குப் பெரிய செலவும் ஆகாது.

நடைமுறை பின்னர் எளிதாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 மார்ச் முதல், மத்திய சேம நிதிக் கழகத்திடமும் வரி ஆணையத்திடமும் உள்ள பதிவுகளைக் கொண்டே தொகை கணக்கிடப்படுகிறது; மாதம் 1,600 வெள்ளி என்ற அடிப்படை ஊதியமும் அறிமுகமானது. அவ்வாண்டு நான் சென்ற கடைசி முகாமுக்கு ஒரு படிவமும் நிரப்பவில்லை. ஆனால் பதிவில் என்ன இருக்கிறதோ அதுதான் வரும். ஆண்டுக்கு 6,000 வெள்ளிக்கு மேல் நிகர வருமானம் காட்டினால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் கட்ட வேண்டுமே என்று தயங்கிக் குறைத்துக் காட்டுபவர், முகாமிலும் அந்தக் குறைந்த வருமானத்துக்கான தொகையைத்தான் பெறுவார்.

அந்தக் கடைசி முகாமில், உணவு விநியோகத் தொழிலுக்கு அப்போதுதான் மாறியிருந்த ஓர் இளைஞன் கேண்டீன் மேசையில் என் எதிரே உட்கார்ந்து, “அண்ணே, நான் எதுவுமே எழுதி வைக்கலையே” என்றான். என் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தேதி, வரவு, செலவு என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தேன். அவன் பணப்பையிலிருந்து மடங்கிய பெட்ரோல் ரசீதுகளை எடுத்து மேசையில் பரப்பினான். எழுத்து மங்கத் தொடங்கியிருந்த இரண்டை முதலில் படம் எடுக்கச் சொன்னேன்.