அந்த ஐந்து விநாடி எங்கே இருக்கிறது?

நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலை 1:30இல், அதாவது ஒரு நிமிடம் 30 விநாடியில், நீந்துபவரிடம் அடுத்த இலக்கு என்ன என்று கேட்டால், யோசிக்காமல் 1:25 என்பார். ஏன் 1:25? கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஐந்து விநாடியை எதில் குறைக்கப் போகிறோம் என்று பெரும்பாலும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மூன்று மாதம் கழித்து 1:28 வந்தால், அது நல்ல முன்னேற்றம்தான் என்றாலும், முகம் வாடிவிடும்.

இலக்குக்கு முன்னால் நம்பக்கூடிய டைமிங் ஒன்று வேண்டும். 25 மீட்டர் குளத்தில் எடுத்ததை 50 மீட்டர் குளத்து டைமிங்கோடு ஒப்பிடாதீர்கள். சின்னக் குளத்தில் நூறு மீட்டருக்கு மூன்று டர்ன், அதாவது சுவரில் திரும்புவது, பெரியதில் ஒன்றுதான். சுவரை உதைத்துக் கிளம்பும் வேகம் நீந்தும் வேகத்தைவிட அதிகம். அதனால் அதே ஆள் சின்னக் குளத்தில் வேகமாகத்தான் தெரிவார். டைவ் அடித்தீர்களா, தண்ணீருக்குள்ளிருந்து சுவரை உதைத்தீர்களா என்பதையும் எழுதி வையுங்கள். இதிலேயே ஒன்றரை, இரண்டு விநாடி மாறும். ஸ்டாப்வாட்சைக் கையால் அமுக்கும்போது 0.2, 0.3 பிசகுவது சகஜம். ஆகவே 0.2 குறைந்ததற்குக் கொண்டாட்டமும் வேண்டாம், 0.2 கூடியதற்குக் கவலையும் வேண்டாம்.

மொத்த நேரத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கரையில் ஒருவரை நிறுத்தி ஒவ்வொரு 25 மீட்டருக்கும் நேரத்தையும், எத்தனை கை போட்டீர்கள் என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். 25 மீட்டர் குளத்தில் டைவ் அடித்து நீந்திய அந்த 1:30 இப்படிப் பிரிகிறது என்று வைப்போம்: 19.5, 22.5, 23.5, 24.5. கைகள் 18, 20, 22, 24. இந்த எட்டு எண்களில்தான் விஷயமே இருக்கிறது.

கை அதிகமாகிறது, நேரமும் அதிகமாகிறது. அப்படியென்றால் கை வேகம் குறையவில்லை, ஒவ்வொரு இழுப்பிலும் உடம்பு நகரும் தூரம் குறைகிறது. தோள் களைத்ததும் முழங்கை கீழே இறங்கிவிடும். முன்கை தண்ணீரைப் பின்னால் தள்ளாமல் கீழ்நோக்கி அமுக்கும். இதற்கு மருந்து இன்னும் வேகமாகக் கை சுற்றுவது இல்லை. கடைசி 25இல் கை எண்ணிக்கையை 24லிருந்து 22க்குக் கொண்டுவருவதே ஒரு இலக்கு. அது கைகூடினால் அங்கே 0.8 விநாடி, மூன்றாவது 25இல் 0.4 குறைய வாய்ப்பு உண்டு.

அடுத்தது டர்ன். மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக்குக்காகக் குளத்தின் குறுக்கே கட்டும் கொடிகள் சுவரிலிருந்து 5 மீட்டரில் இருக்கும். தலை கொடிக்கு அடியில் போகும்போது ஸ்டாப்வாட்சை அமுக்கி, திரும்பி வந்து மறுபடி கொடியைத் தாண்டும்போது நிறுத்துங்கள். பத்து டர்ன் எடுத்துப் பாருங்கள். நல்லதுக்கும் மோசமானதுக்கும் அரை விநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், கூடுதல் பலமே இல்லாமல் எடுக்கக்கூடிய நேரம் அங்கே கிடக்கிறது. தவறுகள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றேதான்: சுவருக்கு முந்தைய கடைசி இழுப்பில் மூச்சுக்காகத் தலையைத் தூக்குவது, சுவரை எட்டுவதற்கு முன்பே கையை நிறுத்தி மிதந்து போவது, உதைத்த பிறகு கைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து உடம்பை நீட்டாமல் உடனே மேலே வந்துவிடுவது. ஒரு டர்னுக்கு 0.4 என்றால் மூன்றுக்கு 1.2.

இப்போது கூட்டுங்கள்: 0.8, 0.4, 1.2. மொத்தம் 2.4. ஐந்து இருக்கட்டும், மூன்று விநாடிகூடத் தேறவில்லை. ஆக, நேர்மையான இலக்கு 1:27.6. முதல் 25ஐ 19.5க்கும் வேகமாக அடித்து மிச்சத்தைப் பிடிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். அங்கே மிச்சம் பிடிக்கும் அரை விநாடியைக் கடைசி 25 வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

எண் சரியா என்று பயிற்சியிலேயே சோதித்துவிடலாம். டைவின் இரண்டு விநாடி சலுகையைத் திருப்பிச் சேர்த்தால் 89.6, நான்கால் வகுத்தால் 22.4. தனித்தனி 25ஆக நீந்தும்போது டர்னில் சுழலும் நேரம் சேராது என்பதால் 22 என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரை உதைத்துக் கிளம்பி 12 தடவை 25 மீட்டர், இடையில் 20 விநாடி ஓய்வு. ஒன்பது, பத்து தடவை 22க்குள் வந்தால் இலக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆறாவதிலேயே 23 ஆகிவிட்டால் 1:28.5 என்று மாற்றுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எவ்வளவு குறையும் என்பது எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முறையாகப் பயிலத் தொடங்கியவருக்கு மூன்று மாதத்தில் நேரம் மூன்று, நான்கு சதவீதம் குறையலாம். பல வருடம் நீந்தியவருக்கு வருடத்துக்கு ஒரு சதவீதம் குறைந்தாலே நல்ல அறுவடை. உச்சியில் நிலைமை இன்னும் கஞ்சத்தனம். ஆண்கள் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் உலக சாதனையைப் பாருங்கள்: இயன் தோர்ப் 2002இல் 3:40.08. 2009இல் பால் பீடர்மான், பிறகு தடை செய்யப்பட்ட அந்த முழு உடல் உடையோடு, 3:40.07. 2025இல் லூக்காஸ் மேர்டென்ஸ் 3:39.96. இருபத்து மூன்று வருடத்தில் 0.12 விநாடி!

சோதனையை நான்கு வாரத்துக்கு ஒரு முறை வையுங்கள். அதே குளம், அதே நேரம், அதே வார்ம்-அப். அதற்கு முந்தைய மூன்று நாள் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள், ஆனால் சில வேகமான 25களை விட்டுவிடாதீர்கள். கடும் பயிற்சி வாரத்தின் நடுவில் எடுத்த டைமிங் உங்கள் களைப்பைத்தான் காட்டும். 1:28.4 வந்தால் மொத்தத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடாமல் பழைய எட்டு எண்களுக்குப் பக்கத்தில் புதிய எட்டையும் எழுதுங்கள். டர்ன் சரியாகி, கடைசி 25 மட்டும் இன்னும் 24 கைகளில் நிற்கிறதென்றால், அடுத்த நான்கு வாரத்துக்கு வேலை அது ஒன்றுதான்.