மெக்னீசியம் இல்லாத பஃபர்

இங்கிலாந்துக்கு வந்த முதல் மாதத்தில் ஆய்வகத்தில் நான் பேசியது மிகவும் குறைவு. ஆங்கிலம் தெரியாமல் இல்லை, எம்.எஸ்சி. வரை அதில்தான் படித்தேன். ஆனால் அங்கே அவர்கள் பேசும் வேகமும், பாதியிலேயே விழுங்கிவிடும் சொற்களும் பிடிபடவில்லை. ஒவ்வொரு தடவையும் "மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்கக் கூச்சம். சரி சரி என்று தலையாட்டிவிட்டு என் மேசைக்கு வந்துவிடுவேன். அந்தத் தலையாட்டலால் மூன்று வார வேலை வீணாயிற்று.

பிஎச்.டி.க்கு எனக்குக் கிடைத்தது எக்கோ ஆர் ஃபைவ் என்ற நொதி. தன்னைத் தாக்க வரும் வைரஸின் டிஎன்ஏவைத் துண்டாக்க ஒரு பாக்டீரியா வைத்திருக்கும் கத்தரி அது. டிஎன்ஏவில் ஏ, டி, ஜி, சி என்று நான்கு எழுத்துகள்தான்; அப்படி ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்கு நடுவே ஜி-ஏ-டி-ஏ-டி-சி என்ற ஆறெழுத்தைத் தேடிப் பிடித்து, நட்டநடுவில் இரண்டு இழைகளையும் வெட்டும். ஓர் எழுத்து மாறியிருந்தால்கூடக் கிட்டத்தட்டத் தொடாது. இப்படிப்பட்ட நொதிகளுக்காகத்தான் ஆர்பர், நேதன்ஸ், ஹாமில்டன் ஸ்மித் மூவருக்கும் 1978இல் நோபல் பரிசு கிடைத்தது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பெயர்கள். அந்த நொதி இருக்கும் குழாயைக் கையில் வாங்கியபோது உண்மையாகவே விரல் நடுங்கியது.

நொதியை மைனஸ் 20 டிகிரியில் வைத்திருப்பார்கள். பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்திருப்பதால் அந்தக் குளிரிலும் உறையாது, பாகு மாதிரி இருக்கும். பைப்பெட் நுனியை ஆழமாக விட்டால் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு அளவு கெட்டுவிடும். மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் எடுக்க வேண்டும். இதையெல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனாலும் நொதி வெட்டவில்லை. டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டுவது ஜெல்; வெட்டுப்பட்டால் அதில் டிஎன்ஏ பட்டை இடம் மாறி நிற்கும். தினமும் மாலை யுவி விளக்கைப் போட்டுப் பார்ப்பேன், பட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். நொதியை இருமடங்காக்கினேன். நேரத்தைக் கூட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு ஜெல்லைப் பார்க்கும் பழக்கம் வந்தது அப்போதுதான்.

ஒரு நாள், என் அம்மா வயதிருக்கும் ஆய்வக டெக்னீஷியன் ஒருவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டார். "எந்த பாட்டிலிலிருந்து பஃபர் எடுத்தாய்?" என்று கேட்டார். நொதி வேலை செய்யும் உப்புக் கரைசல்தான் பஃபர். பாட்டிலைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன். மெக்னீசியம் இல்லாமல் இந்த நொதியால் வெட்ட முடியாது, ஆனால் அந்த ஆய்வகத்தில் பஃபரில் அதைச் சேர்ப்பதில்லையாம். நொதி டிஎன்ஏவில் எப்படி ஒட்டுகிறது என்பதை முதலில் அளப்பார்கள், வெட்டு தொடங்க வேண்டிய கணத்தில்தான் மெக்னீசியத்தைச் சேர்ப்பார்கள். அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும் என்பதால் பாட்டிலில் யாரும் எழுதி வைக்கவில்லை. என் கண்ணெதிரே ஒரு மைக்ரோலிட்டர் மெக்னீசியம் குளோரைடு விட்டு, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தோம். பட்டை நகர்ந்திருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

அப்புறம் யோசித்துப் பார்த்தால், அந்த மூன்று வாரமும் குழாய்க்குள் என்ன நடந்தது என்பதுதான் சுவையான விஷயம். மெக்னீசியம் இல்லாவிட்டாலும் நொதி டிஎன்ஏமேல் உட்காரத்தான் செய்கிறது. ஆனால் தன் ஆறெழுத்தையும் வேறெந்த எழுத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே பிடிக்கிறது. பிரிஸ்டலில் ஹால்ஃபோர்டின் குழு இதை முன்பே அளந்து காட்டியிருந்தது. மெக்னீசியத்துக்குப் பதிலாகக் கால்சியம் கொடுத்தால் சரியான இடத்தை இறுகப் பிடிக்கும், ஆனால் வெட்டாது. அடையாளம் காண்பது வேறு, வெட்டுவது வேறு என்பதை ஓர் உலோக அயனியை மாற்றியே பிரித்துப் பார்க்கலாம். என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுக்க இதைப் பற்றித்தான்.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வான வைவாவில் இரண்டு தேர்வாளர்கள் மூன்று மணி நேரம் கேள்வி கேட்டார்கள். "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்ற ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டார்கள். அதற்குள் எனக்குப் பேச வந்திருந்தது. பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மட்டும் இன்னும் ஓர் ஆண்டு ஆயிற்று.

பிஎச்.டி.க்குப் பிறகு ஒப்பந்தத்தில் ஆய்வு செய்த போஸ்ட்டாக் காலத்தைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. இரண்டு ஆண்டு ஒப்பந்தம், அப்புறம் இன்னொரு இரண்டு ஆண்டு. வேலை முடிந்தால் விசாவும் முடியும். நிதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட இரவுகளில் இந்தியாவில் பிறந்த நோபல் விஞ்ஞானி ஹர் கோவிந்த் கொரானாவை நினைத்துக்கொள்வேன். 1945இல் லிவர்பூலுக்கு வந்து பிஎச்.டி. முடித்தவர். சூரிக், கேம்பிரிட்ஜ், வான்கூவர், விஸ்கான்சின் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார். வேதியியல் முறையில் தயாரித்த சிறு துண்டுகளை லைகேஸ் நொதியால் ஒட்டி, 77 எழுத்து இணைகள் கொண்ட ஒரு முழு மரபணுவை 1970இல் அவர் குழு உருவாக்கியது. அத்தனை ஊர் மாறியும் வேலை அறுபடவில்லையே என்று நினைப்பதே ஒரு தெம்பு.

அந்த நாட்களில்தான், டிஎன்ஏவில் இருக்கக் கூடாத எழுத்தான யுராசிலைப் பற்றிய ஆய்வுக்கு மாறினேன். டிஎன்ஏவில் உள்ள சைட்டோசின், அதாவது சி எழுத்து, சும்மா தண்ணீரில் இருப்பதாலேயே கொஞ்சம் கொஞ்சமாக யுராசிலாக மாறும். நம் ஒவ்வொரு செல்லிலும் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இது நடக்கிறது. சரி செய்யாவிட்டால் எழுத்துப்பிழை நிரந்தரமாகிவிடும். அதை நீக்கும் நொதியை 1974இல் கண்டுபிடித்தவர் தோமஸ் லிண்டால். ஸ்வீடனிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து ஆய்வகம் நடத்தியவர், 2015இல் நோபல் பெற்றார். அந்த நொதி செய்வதை எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு அலுக்காது. இரட்டை இழைக்குள் இருக்கும் யுராசிலை வெளியே புரட்டி எடுத்துத் தன் பள்ளத்துக்குள் பொருத்திப் பார்க்கிறது. டி எழுத்தான தைமின் என்றால் ஒரு மெத்தில் தொகுதி கூடுதலாக இருக்கும், உள்ளே நுழையாது. அவ்வளவுதான் வித்தியாசம். இந்த நொதிக்கு மெக்னீசியமே வேண்டாம் என்று அறிந்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதி!

இன்னொரு அதிசயமும் உண்டு. கொதிக்கும் ஊற்றுகளில் வாழும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களின் பாலிமரேஸ் நொதி, டிஎன்ஏவை நகலெடுத்துக்கொண்டே போகும்போது நாலெழுத்து முன்னாலேயே யுராசிலைக் கண்டு நின்றுவிடும். நியூகாசிலில் கனொலியின் குழு 1999இல் இதை வெளியிட்டது. அந்தக் கட்டுரையை நான் ரயிலில் படித்தேன், இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்.

இப்போது எனக்கு நிரந்தர வேலை, இங்கேயே தங்கும் உரிமையும் வந்துவிட்டது. சின்ன ஆய்வகம். பஃபர் பாட்டில்களில் எது இருக்கிறது என்பதோடு எது இல்லை என்பதையும் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். போன மாதம் புது மாணவி ஒருத்தி வேறொரு நாட்டிலிருந்து வந்து சேர்ந்தாள். எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள். ஒரு மாலை எல்லோரும் போன பிறகும் இருட்டறையில் யுவி விளக்கு எரிந்தது. உள்ளே போனேன். ஜெல்லை மறைக்கப் பார்த்தாள். "காட்டும்மா" என்று தமிழிலேயே வந்துவிட்டது. அவளுக்கு அது புரிந்திருக்க வழியில்லை, ஆனால் நகர்ந்து இடம் விட்டாள். எதிர்பார்த்த பட்டைக்குக் கீழே மங்கலாக இன்னொரு பட்டை. எனக்கும் காரணம் தெரியவில்லை, அதையே அவளிடம் சொன்னேன். இருவரும் மேசைக்குத் திரும்பி, அவள் நோட்டைப் பிரித்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தோம்.