ஆளுக்கு 4 வோல்ட் என்று எழுதி வாங்கிய முட்டை

டிப்ளமோ முதலாண்டு உள்தேர்வில் வந்த கணக்கு இது. 12 வோல்ட் பேட்டரி. 2, 3, 5 ஓம் தடைகள் தொடரிணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, உள்ளன. ஒவ்வொன்றிலும் வோல்டேஜ் டிராப், அதாவது அதில் குறையும் மின்னழுத்தம், எவ்வளவு? மூன்று தடைதானே என்று 12-ஐ மூன்றால் வகுத்து, ஆளுக்கு 4 வோல்ட் என்று எழுதிவிட்டு வந்தேன். முட்டை.

தொடரிணைப்பில் எல்லாத் தடைக்கும் ஒன்றாக இருப்பது மின்னோட்டம்தான். அதனால் முதலில் மொத்தத் தடை: 10 ஓம். மின்னோட்டம் 12/10 = 1.2 ஆம்பியர். இதை ஒவ்வொரு தடையாலும் பெருக்கினால் 2.4, 3.6, 6 வோல்ட். கூட்டினால் 12 வர வேண்டும். கிர்க்காஃப் 1845-இல் சொன்ன மின்னழுத்த விதி அதுதான். கூட்டிப் பார்க்க அரை நிமிடம் ஆகாது, நான் பார்க்கவில்லை.

அந்த விடுமுறைக்குப் பாம்பன் வந்தபோது அப்பாவின் வல்லத்தில் (நாட்டுப்படகு) பல்பு அழுது வடிந்தது. "பேட்டரி புதுசுப்பா, பல்பைத்தான் மாத்தணும்" என்றார். மீட்டரை வைத்தேன். பேட்டரியில் 12, பல்பில் 9.6. மீதி 2.4 எங்கே? உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கிடந்த ஒயர் இணைப்பின் இரண்டு பக்கமும் வைத்தால், அங்கே இருந்தது. எரியும்போது பல்பு 12 ஓம் என்று வைத்தால், மின்னோட்டம் 9.6/12 = 0.8 ஆம்பியர்; அப்படியானால் அந்த இணைப்பு 2.4/0.8 = 3 ஓம் தடையாகத் தொடரில் உட்கார்ந்திருந்தது. (இழையின் தடை சூட்டோடு மாறும், அதை இங்கே விட்டுவிடலாம்.) உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி முறுக்கியதும் பல்பு பளிச்சென்று எரிந்தது. எந்தப் புத்தகத்தையும்விட அந்த இணைப்பு எனக்கு நன்றாகப் பாடம் எடுத்தது.

கிலோ ஓம் வந்தால் பலர் தடுமாறுவார்கள். கிலோ ஓமை மில்லி ஆம்பியரால் பெருக்கினால் நேராக வோல்ட். 9 வோல்ட்டில் 1, 2 கிலோ ஓம் தொடரில் என்றால் 9/3 = 3 மில்லி ஆம்பியர். டிராப் 3, 6 வோல்ட். சைபர்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

அப்புறம், வாய்மொழித் தேர்வில் மடக்கும் கேள்வி ஒன்று: நடுவில் ஒயர் அறுந்தால் டிராப் எங்கே? மின்னோட்டம் இல்லை, எனவே எந்தத் தடையிலும் டிராப் இல்லை. அறுந்த இடத்தின் இரு முனைக்கும் நடுவே மீட்டர் வைத்தால் முழு 12-ஐயும் காட்டும். என்னிடம் கேட்டபோது வல்லத்து ஒயர்தான் கண்ணில் வந்தது; யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.