பம்ப் 3,000 ரூபாய், பில் 17,350 ரூபாய்

காரில் வாட்டர் பம்ப் மாற்ற 17,350 ரூபாய் ஆனது என்றதும் மச்சான் சிரித்துவிட்டார். “நல்லா மொட்டை அடிச்சு அனுப்பியிருக்காங்க மாப்ளே. என் ஸ்விஃப்டுக்கு அஞ்சாயிரத்துக்குள்ள முடிஞ்சுது.”

அவர் சொன்னது பொய்யில்லை. நான் கொடுத்ததும் அநியாயமில்லை. அவருடையது 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட். என்னுடையது 2014 மாடல் ரெனோ டஸ்டர், 1.5 லிட்டர் டீசல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட்டை இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் சுற்றிவிடுவதுதான் இரண்டு பம்ப்புக்கும் வேலை. ஆனால் ஸ்விஃப்டில் டைமிங்குக்கு, அதாவது பிஸ்டனும் வால்வும் ஒன்றுக்கொன்று ஒத்து அசைவதற்கு, செயின்; பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் வெளி பெல்ட்தான் பம்ப்பையும் சுற்றுகிறது. பெல்ட்டைக் கழற்றி, போல்ட்டுகளை எடுத்தால் பம்ப் கைக்கு வந்துவிடும். டஸ்டர் டீசலில் பம்ப்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட். அதாவது, இன்ஜினின் உயிர்நாடியைக் கழற்றாமல் பம்ப்பைத் தொடவே முடியாது.

தொந்தரவு ஆரம்பித்தது கூலன்ட் டேங்கில். மினிமம் கோட்டுக்குக் கீழே இறங்கும், ஊற்றுவேன், மறுபடி இறங்கும். தரையில் ஒரு சொட்டு இருக்காது. பம்ப் டைமிங் கவருக்குள்ளே ஒளிந்திருப்பதால் கசிவும் முதலில் உள்ளேயே தங்கிவிடுகிறது. கொஞ்ச நாள் கழித்துத்தான் டிரைவர் பக்க முன் சக்கரத்தை ஒட்டித் தரையில் ஈரம் தெரிந்தது. கிட்டே போனால் லேசாக இனிப்பு வாடை. (கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, கொடிய விஷமும்கூட. தெரு நாய்கள் நக்கிவிடும் என்று அந்த இடத்தைத் தினமும் கழுவிவிட்டேன். வீட்டில் நாய், பூனை இருப்பவர்கள் இதை அலட்சியமாக விடவேண்டாம்.)

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்த வேகத்தில் “ரேடியேட்டர் போச்சு சார்” என்றார்கள். இல்லாவிட்டால் லீக்கை அடைக்கும் மருந்து ஒரு பாட்டில் ஊற்றிப் பார்க்கலாமாம். அந்த மருந்து ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது, ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, கூலன்ட் டேங்க் மூடிக்குப் பதிலாக பிரஷர் டெஸ்டரை மாட்டி, கையால் நாலு அடி காற்றடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது டெஸ்டரின் முள் இறங்கியிருந்தது, எங்கோ கசிகிறது என்று அர்த்தம். டார்ச் அடித்துக் காட்டினார்: டைமிங் கவரின் அடிவிளிம்பில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. ஆயில் மூடியைத் திறந்து உள்ளே பால் மாதிரி வெள்ளையாக ஏதாவது படிந்திருக்கிறதா என்றும் பார்த்தார். இல்லை. கூலன்ட்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் தப்பித்தது என்று எனக்குப் பெருமூச்சு வந்தது.

“வண்டிய இனிமே ஸ்டார்ட் பண்ணாதீங்க சார், இங்கயே நிக்கட்டும். பெல்ட் நனைஞ்சிருக்கும்” என்றார். அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. பம்ப் பேரிங் இறுகினால் டைமிங் பெல்ட் அறுந்துவிடும். அறுந்தால் இந்த இன்ஜினில் பிஸ்டன் வால்வை இடிக்கும். அப்புறம் ஆயிரக்கணக்கில் பேசுவது போய் லட்சத்தை நெருங்கும் பேச்சாகிவிடும். இன்ஷூரன்ஸும் கைகொடுக்காது, தேய்மானத்தால் வரும் பழுது அதில் சேராது.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் கேட்டேன். 24,600 சொன்னார்கள். வரிவரியாகக் கேட்டதும் இன்ஜின் ஃபிளஷ், த்ராட்டில் கிளீனிங் என்று பம்ப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஐட்டங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அவற்றை எடுத்துவிட்டாலும் வெளியில் ஆகும் தொகையைவிட அதிகம்தான்.

ஸ்பேர் நானே வாங்கித் தருகிறேன் என்று மெக்கானிக்கிடம் பேசிக்கொண்டு, அண்ணா சாலையை ஒட்டியிருக்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் விலையைச் சொல்லுமுன் சேஸிஸ் நம்பரைக் கேட்டார். மாடல் பெயரைச் சொல்லி வாங்கினால் தப்பான பெல்ட் வர வாய்ப்புண்டு என்றார். ஆர்.சி. போட்டோ போனில் இருந்ததால் பிழைத்தேன். பம்ப் மட்டும் 3,000. பெயரில்லாத லோக்கல் பம்ப் 1,400-க்கும் கிடைத்தது. பம்ப், டைமிங் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் மூன்றும் சேர்ந்த கிட் 9,200. கிட்டையே எடுத்தேன். உள்ளே போவதற்கே லேபர் 5,000 கொடுக்கப்போகிறோம், அங்கே போய் 1,600 ரூபாயை மிச்சம் பிடித்து லோக்கல் பம்ப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆல்டர்னேட்டர் பெல்ட்டில் வெடிப்பு விட்டிருந்ததால் அதற்கு 1,350. கூலன்ட் 1,800. மொத்தம் 17,350. ஸ்பேர் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியாக இருந்தால் பில்லில் எந்த வரி போடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். முன் சக்கரம், உள் மட்கார்டு, வெளி பெல்ட் எல்லாம் கழன்றன. இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு அந்தப் பக்கத்தில் இன்ஜினைப் பிடித்திருக்கும் மவுண்ட்டை எடுத்தார்கள். கவரைக் கழற்றி, கிராங்குக்கு (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) ஒன்றும் கேம்ஷாஃப்டுக்கு (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒன்றுமாக லாக் பின் போட்டு அசையாமல் பூட்டிய பிறகுதான் பெல்ட்டில் கை வைத்தார்கள். பம்ப்பின் போல்ட்டுகளைக் கழற்றியது இதற்கு நடுவே சில நிமிட வேலை. புது பெல்ட்டை மாட்டியதும் மெக்கானிக் சாவியைப் போடவே இல்லை. ஸ்பேனரால் கிராங்கைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றி, அந்த லாக் பின் மறுபடி அதே ஓட்டையில் இறங்குகிறதா என்று பார்த்தார். இறங்கியது. அந்த 5,000 ரூபாய் லேபர் இதற்குத்தான்.

பழைய பம்ப்பை என் கையில் கொடுத்தார். புல்லியைப் பிடித்து அசைத்தால் ஷாஃப்ட் கடகடவென்று ஆடியது. சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவில் ஒரு சின்னத் துளை உண்டு. சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியேறட்டும் என்று வைத்தது. அதற்குக் கீழே துருநிறத்தில் ஒரு தடம் காய்ந்து, ஓரங்களில் உப்புப் பூத்திருந்தது. பெல்ட்டின் ஒரு ஓரம் ஊறிப் பளபளத்தது.

எனக்கு எரிச்சலாக இருந்தது வேறு விஷயத்தில். வண்டியோடு வந்த பழைய பில்களில் 78,000 கிலோமீட்டரில் டைமிங் பெல்ட், டென்ஷனர் மாற்றியதற்கான பில் இருக்கிறது. பம்ப் இல்லை. “நல்லாத்தான் இருக்கு, எதுக்கு வீண் செலவு” என்று முந்தைய ஓனரிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு எல்லாம் கழன்று பம்ப் கண்ணெதிரே இருந்திருக்கிறது. இப்போது 1,24,000-ல், இன்னும் ஓடியிருக்கக்கூடிய பெல்ட்டைத் தூக்கிப்போட்டு, அதே லேபரை நான் மறுபடி கொடுத்திருக்கிறேன். மச்சானிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் சிரிப்பு நின்றது.

கூலன்ட் ஊற்றியதும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிற்கும்வரை வண்டியை ஐடிலில் விட்டார்கள், உள்ளே காற்று தங்கக்கூடாது என்று. முதல் சில நாள் லெவல் விரற்கடை இறங்கியது, மாட்டியிருந்த காற்று வெளியேறியதால்தான். ஆறிய இன்ஜினில் ஒருமுறை ஊற்றினேன். அதற்குப் பிறகு கோடு அசையவில்லை. கிட் வாங்கிய பில்லில் கிலோமீட்டரையும் ‘பம்ப் உட்பட’ என்பதையும் எழுதிப் பழைய பில்களோடு வைத்திருக்கிறேன், வண்டி அடுத்து யார் கைக்குப் போனாலும் பார்க்கட்டும்.