கோடிக் குழகருக்குத் துணை யார்?

தை அமாவாசை, ஆடி அமாவாசைக்கு வேதாரண்யம் வருகிறவர்களில் பலர் சன்னதிக் கடலில் முழுக்குப் போட்டு, கோயிலிலுள்ள மணிகர்ணிகைத் தீர்த்தத்தில் குளித்து, அங்குள்ள சிவனான மறைக்காட்டு நாதரைக் கும்பிட்டதுமே வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். தெற்கே இன்னும் பத்து கிலோமீட்டர் போனால் கோடியக்கரையில் கோடிக் குழகர் என்னும் சிவன் இருக்கிறார். முன்னோருக்குச் செய்யும் கடனோ, குழந்தை வரத்துக்கான பிரார்த்தனையோ, எதற்காக வந்திருந்தாலும் அவரைப் பார்க்காமல் ஊர் திரும்பாதீர்கள்.

திருவாரூர், நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி வழியாக பஸ்ஸில் வரலாம். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் அகல ரயில்பாதை 2023 ஏப்ரலில் திறந்தது. ரயில்கள் குறைவு, திரும்பும் நேரத்தையும் பார்த்து வைத்துக்கொண்டே கிளம்ப வேண்டும். முதல் நாளே வந்து வேதாரண்யத்தில் தங்கிவிடுவது உத்தமம். விடியலில் கோடியக்கரை, மாலையில் மறைக்காடு என்கிற வேதாரண்யம் கோயில் என்று வைத்துக்கொண்டால் வெயிலும் படாது, நடை சாத்துவதற்கு முன் ஓட வேண்டியும் இராது. இந்த வரிசையை மாற்றுகிறவர்கள்தான் உச்சிவேளையில் குழகர் கோயில் வாசலில் பூட்டைப் பார்த்து நிற்கிறார்கள்.

நீராட கோடியக்கரையில் ஆதிசேது என்னும் சித்தர் கட்டமும், வேதாரண்யத்தில் சன்னதிக் கடலும் இருக்கின்றன. சன்னதிக் கடல் ஆழமில்லாதது. அலையும் பெரிதாக அடிக்காது, வயதானவர்களுக்கு அது வசதி. ஆனால் சில நாட்களில் சேறு ஒதுங்கிக் கிடக்கும், கணுக்கால் வரை புதையும். முழங்கால் தண்ணீருக்கே வெகுதூரம் நடக்க வேண்டும். பெரியவர்களைக் கையைப் பிடித்து மெதுவாகக் கூட்டிப் போங்கள். எள், தர்ப்பை, பச்சரிசியை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போனால் நல்லது. அமாவாசையன்று கரையில் இறங்கும் முன்பே "வாங்க, திதி கொடுக்கணுமா" என்று நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். தட்சிணை எவ்வளவு, அதில் எதெல்லாம் அடங்கும் என்று உட்காரும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். பாதி மந்திரத்தில் எழுந்து பேரம் பேசுவது பித்ருக்களுக்கு முன் நடக்கக் கூடாத காரியம். கூட்டத்தைத் தாங்க முடியாதவர்கள் சாதாரண மாதத்து அமாவாசையில் வரலாம். அதே கடல்தான், அதே புண்ணியந்தான்.

இனி குழகர். சேர மன்னர் சேரமான் பெருமாளோடு சுந்தரர் இங்கே வந்தபோது, ஆளரவமற்ற கரையில் சுவாமி தனியே இருப்பதைப் பார்த்துத் தாங்க முடியாமல், "கடிதாய்க் கடற்காற்று வந்தெற்றக் கரைமேல் குடிதான் அயலே இருந்தால் குற்றமாமோ" என்று கேட்டார். பக்கத்தில் நாலு குடி இருந்தால்தான் என்ன குறை, உமக்கு யார் துணை என்று உருகிய பாட்டு அது. காலைக் காற்று அடிக்கும்போது அந்தச் சன்னதியில் நின்று இதைப் பாடிப் பாருங்கள். கருவறை விளக்கின் சுடர் ஆடி அடங்கும், குரல் தழுதழுக்கும். கேட்க வந்த வரம் மறந்துபோய், சுவாமியைப் பற்றிய கவலை வந்துவிடும். பக்தன் கடவுளுக்காகக் கவலைப்பட்ட ஊர் இது. நம் குறையையெல்லாம் கேட்கிறவருக்காக நாம் ஒரு நிமிஷம் கண் கலங்குவதற்கு வேறு எங்கே இடம் கிடைக்கும்? அப்பனே, அந்த ஒரு நிமிஷத்துக்கே கோடி நமஸ்காரம்.

மைத்தடங்கண்ணி அம்மையையும், கையில் அமுத கலசம் ஏந்திய முருகனையும் நிதானமாகத் தரிசியுங்கள். காட்டுத் தெய்வமான காடுகிழாள் சன்னதியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். சுந்தரரின் அந்தப் பதிகத்திலேயே சுவாமிக்குத் துணையாகச் சொல்லப்பட்டவள் அவள்.

அங்கிருந்து காட்டுக்குள் இராமர் பாதம். இந்தத் தட்டை நிலத்தில் அதுதான் மேடு. ஸ்ரீராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்பார்கள், கல்லில் பாதம் இருக்கிறது. சுற்றிலும் 1967இல் அறிவித்த சரணாலயம். புல்வெளியில் வெளிமான்கள் மேயும். ஆண் மான் கருத்து, முறுக்கிய கொம்போடு நிற்கும். பெண் மானுக்கு வெளிர்பழுப்பு நிறம், கொம்பு கிடையாது. காலை எட்டு மணிக்குள் போனால் பார்க்கலாம், வெயில் ஏறினால் நிழலுக்கு ஒதுங்கிவிடும். குரங்குகள் தேங்காய்மூடியும் பழமும் இருக்கும் பையைக் குறிவைத்துப் பிடுங்கும், பிரசாதத்தை வண்டியிலேயே வைத்துப் பூட்டுங்கள். சீமைக்கருவேல முள் கிடக்கும், பாதம் வரை செருப்போடு போய்க் கழற்றினால் போதும். காட்டில் கற்பூரம் ஏற்றவே கூடாது, காய்ந்த புல்லும் கடற்காற்றும் சேர்ந்தால் தீ நிற்காது. 2018 கஜா புயலில் இந்தக் காடு பட்ட பாடே போதும். தை அமாவாசைக்கு வருகிறவர்களுக்கு இன்னொரு பாக்கியம், மழைநீர் தேங்கிய சதுப்பில் பூநாரைகள் வந்திருக்கும். அவை தூரத்தில்தான் நிற்கும், பைனாகுலர் வேண்டும்.

திரும்பும் வழியில் அகஸ்தியம்பள்ளி. சம்பந்தர் பாடிய தலம். வெளியே வந்தால் உப்பளம், 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளிய மண். நினைவுத் தூணுக்கும் ஒரு கும்பிடு போடுங்கள்.

மறைக்காட்டுக்கு மாலையில் போகச் சொன்னதற்குக் காரணம், "வேதாரண்யம் விளக்கழகு" என்பதைக் கண்ணால் காண. நெய் குடிக்க வந்த எலி அறியாமல் திரியைத் தூண்டியதற்கே மறுபிறவியில் மகாபலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்று சொல்லும் கோயில். அப்பர் பாடித் திறந்து, சம்பந்தர் பாடி அடைத்த கதவை மனதில் வைத்துக்கொண்டு, லிங்கத்துக்குப் பின்னால் இருக்கும் சிவன் பார்வதி மணக்கோலத்தைத் தேடிப் பாருங்கள். வரிசை தள்ளும், "நகருங்க, நகருங்க" என்பார்கள். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் விட்டுவிடாமல், இன்னொரு முறை சுற்றி வந்தாவது பாருங்கள். இங்குள்ள அம்மன் யாழைப் பழித்த மொழியாளிடம் பேச்சு வராத குழந்தைகளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். அவள் குரலுக்கு முன் தோற்றதால் இங்குள்ள சரஸ்வதி கையில் வீணை இல்லை, சுவடிதான்.

வேண்டுதல் பலித்து மறுமுறை வருகிறவர்கள் குழகருக்கு ஒரு பாட்டில் நல்லெண்ணெய் வாங்கிப் போங்கள். கடற்காற்றில் விளக்கு சீக்கிரம் அணையும், திரியும் எண்ணெயும் எப்போதும் தேவைப்படும் சன்னதி அது. எண்ணெயைப் புறப்படும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், விடியல் நேரத்துக்கு அங்கே கடையை நம்ப முடியாது.