பின்னச்சு மாத்தியாச்சு

என் 1967 மாடல் ஃபோர்டு மஸ்டாங் காருக்கு ஒருவழியா பின்னச்சு (பின்சக்கரங்களைச் சுத்த வைக்கிற அச்சு) மாத்தியாச்சு. பழசு 8 இன்ச் (உள்ளே இருக்குற பெரிய பல்சக்கரத்தோட அளவு), ஓப்பன் டிஃபரன்ஷியல், அதாவது பிடி இல்லாத சக்கரம் மட்டும் சும்மா சுத்துற வகை. அழுத்தி மிதிச்சா ஒரு சக்கரம் புகை கக்கும், இன்னொன்னு வேடிக்கை பார்க்கும். இப்போ 9 இன்ச், லிமிடெட் ஸ்லிப், ரெண்டு சக்கரமும் சேர்ந்து தள்ளும்.

பூட்டுறப்போ பல்சக்கரத்தோட பல்லுல மஞ்சள் பேஸ்ட் தடவிச் சுத்திப் பார்த்தா தடம் பல்லோட நடுவுல விழாம அடியில விழுது. கழட்டு, பினியன் (சின்னப் பல்சக்கரம்) உக்கார்ற இடத்தைச் சரிபண்ற ஷிம்மை, அதான் அந்த மெல்லிய தகட்டை மாத்து, திரும்பப் பூட்டு. ரெண்டு சனிக்கிழமை அதுலயே காலி.

அச்சோட கியர் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த கியர்பாக்ஸ்லேருந்து வர்ற தண்டு எத்தனை சுத்து சுத்தணும்ங்கிறது, 2.80லேருந்து 3.50. சிக்னல்ல கிளம்புறப்போ முதுகு சீட்டோட ஒட்டுது! ஆனா ஃப்ரீவேல 2400 ஆர்பிஎம்ல போன எஞ்சின் இப்போ 3000ல கத்துது. ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸ்லேருந்து வர்றதால அதுவும் கால் பங்கு கூட்டிக் காட்டுது. கேபிளைச் சுத்துற அந்தக் குட்டி பிளாஸ்டிக் கியரை மாத்தணும். பில்லை வீட்ல இன்னும் காட்டலை.