எங்கள் வரிசையின் முன்தோட்டங்கள்: ஜூன், ஜூலை நாட்குறிப்பு

ஜூன் 1, ஞாயிறு

காலையில் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் மூன்று படங்களைப் போட்டிருந்தார். மூன்றும் எங்கள் வரிசை வீடுகளின் முன்தோட்டங்கள். கீழே இரண்டே வரிகள்: "இவை நம் குடியிருப்புக்கே அவமானம். ஒரு வாரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் அபராதம் விதிக்கப்படும்." ஆமோதித்துக் கட்டைவிரல் குறிகள் வரிசையாக வந்து விழுந்தன. அந்த மூன்று வீட்டாரும் அதே குழுவில்தான் இருக்கிறார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. புதர் மண்டிக் கிடப்பது எனக்கும் பிடிக்காதுதான். அதற்காகச் சுவருக்கு வெளியே நின்று படம் எடுத்து, எல்லோர் முன்னிலையிலும் ஒருவருடைய மானத்தை வாங்குவதா? கேட்டைத் தட்டி "என்னம்மா, ஏதாவது சிரமமா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

மாலையில் நடந்துபோய் மூன்றையும் பார்த்தேன். மூலை வீட்டில் பழைய டயர்கள், பெயிண்ட் டப்பாக்கள், விளிம்பு உடைந்த தொட்டிகள். நடுவிலுள்ள வாடகை வீட்டில் இடுப்பளவு பார்த்தீனியம். அதன் அடியில் பிளாஸ்டிக் பைகளும் காகிதக் கோப்பைகளும். கடைசி வீட்டில் எருக்கும் துத்தியும் கொடிகளும் காடாக வளர்ந்து நடைபாதைமேல் சாய்ந்திருக்கின்றன. படத்தில் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. நேரில் அப்படி இல்லை. கடைசி வீட்டில் செடிகளுக்கு நடுவே பறவைகளுக்குத் தண்ணீர் வைத்த மண்தட்டு இருந்தது, அன்றைக்குக் கழுவி நிரப்பியது. கவனிப்பாரற்ற தோட்டத்தில் அது இருக்காது.

ஜூன் 3, செவ்வாய்

மூலை வீட்டுக்கு முதலில் போனேன். மற்ற இரண்டும் காத்திருக்கலாம், தேங்கிய தண்ணீர் காத்திருக்காது.

அவர் பணி ஓய்வு பெற்றவர். குழுவில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு முகம் சுண்டிப்போயிருந்தார். "சார், சண்டைக்கு வரவில்லை. டயரை மட்டும் ஒருமுறை பார்த்துவிடலாமா?" என்றேன். "தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது, இதில் எப்படிக் கொசு வரும்?" என்று கேட்டார். பலரும் நம்புவது இதைத்தான். சாக்கடையில் பெருகும் கொசு வேறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்தது இப்படிப்பட்ட, டயரிலும் தொட்டியிலும் நிற்கும் மழைத் தண்ணீர்.

டார்ச் அடித்தேன். டயரின் உள்வளைவில் கையளவு தண்ணீர். மேற்பரப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள், எங்கள் நிழல் விழுந்ததும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. சற்று நேரத்தில் மூச்சு விட ஒவ்வொன்றாக மேலே வந்து வால் நுனியைத் தண்ணீரின் மட்டத்தில் வைத்துக்கொண்டன. அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பேத்தி விடுமுறைக்கு வந்திருக்கிறாள், பகல் முழுவதும் வாசலில்தான் விளையாடுகிறாள் என்றார். ஏடிஸ் கடிப்பதும் பகலில்தான்.

தண்ணீரைக் கொட்டினால் போதாது என்பதையும் சொன்னேன். இந்தக் கொசு முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே ஈரமான உட்சுவரில் ஒட்டிவைக்கிறது. காய்ந்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மீண்டும் தண்ணீர் நிரம்பினால் பொரிக்கும். ஆகவே தேய்த்துக் கழுவ வேண்டும். இருவருமாக நார் பிரஷ் கொண்டு தேய்த்தோம். டயர்களைத் தூக்கிப்போட அவருக்கு மனமில்லை, செடி வைக்க வேண்டுமாம். அடியில் துளை போட்டு மண் நிரப்பிவிட்டால் தண்ணீர் நிற்காது. எனக்கு ஆட்சேபமும் இல்லை. டயரில் செடி வளர்ப்பது அழகா அசிங்கமா என்பது அவர் பாடு.

இந்தக் கொசு பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. அப்படியென்றால் என் வீட்டில் கடிப்பது பெரும்பாலும் எங்கள் வரிசையிலேயே பிறந்ததுதான். பக்கத்து வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால், நான் சொல்லக்கூடிய முதல் காரணம் இதுதான்.

ஜூன் 8, ஞாயிறு

வாடகை வீடு. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தை வேறு. கதவைத் திறந்த அந்தத் தம்பி நான் பேசுமுன்பே, "அக்கா, தோட்டம் எங்களுடையது இல்லை" என்றார். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். தண்ணீர் உண்டு, மின்சாரம் உண்டு, வெள்ளையடிப்பது உண்டு. தோட்டம் என்ற பேச்சே இல்லை. எதையாவது வெட்டப்போய் வீட்டுக்காரர் முன்பணத்தில் பிடித்துக்கொள்வாரோ என்ற பயத்தில் ஓர் இலையைக்கூடத் தொடவில்லையாம். சங்கத்தின் நோட்டீஸ்கள் எல்லாம் உரிமையாளர் பெயருக்கு வந்து, பிரிக்கப்படாமல் தபால் பெட்டியிலேயே கிடக்கின்றன. உரிமையாளர் இருப்பது வெளிநாட்டில்.

இதைச் சோம்பேறித்தனம் என்று குழுவில் எழுதியவர்கள் இருக்கிறார்கள். வேலை யாருடையது என்று ஒருவரும் சொல்லிவைக்காத இடத்தில் வேலை நடக்காது.

இன்னொன்றையும் கவனித்தேன். உள்ளே கிடக்கும் குப்பையில் பெரும்பகுதி அந்த வீட்டாருடையதே அல்ல. அந்த வழியே போகிறவர்கள் எறிந்துவிட்டுப் போனது. பக்கத்திலுள்ள சுத்தமான தோட்டத்தில் ஒரு காகிதம்கூட இல்லை, இங்கே மட்டும் விழுகிறது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் இதைச் சோதித்துப் பார்த்து 2008-இல் வெளியிட்டார்கள். சந்தில் நிறுத்தியிருந்த சைக்கிள்களின் கைப்பிடியில் விளம்பரத் துண்டுகளைக் கட்டிவிட்டார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது அந்தத் துண்டைத் தரையில் போட்டவர்கள் நூற்றுக்கு 33 பேர். அதே சுவரில் கிறுக்கிவைத்தபோது 69 பேர். கிறுக்கலுக்கும் குப்பைக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் கை தாராளமாகிவிடுகிறது. எங்கள் வாடகை வீட்டு வாசலில் நடப்பதும் அதுவேதான். அங்கே கிடப்பதில் எங்கள் குடியிருப்பில் பலருடைய பங்கு இருக்கிறது. அபராதம் மட்டும் அந்தத் தம்பிக்கு!

ஜூன் 10, செவ்வாய்

உரிமையாளரோடு வீடியோவில் பேசினோம். தோட்டத்தைக் காட்டியதும் அதிர்ந்துபோனார். முதல் துப்புரவுக்கான செலவு அவருடையது, அதன்பின் பராமரிப்பு இவர்களுடையது, மரங்களை மட்டும் கேட்காமல் வெட்டக்கூடாது. அதை அப்படியே எழுத்தில் அனுப்பச் சொன்னேன். அனுப்பிவிட்டார். இவ்வளவு சுலபமாக முடிகிற விஷயத்துக்கு இத்தனை மாதம் நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்றிரவு மழை. மண் இளகியிருந்ததால் பார்த்தீனியம் வேரோடு வந்தது. காய்ந்த மண்ணில் இழுத்தால் தண்டு ஒடிந்து அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். வந்தவர்கள் எல்லோருக்கும் கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கை மூடத் துணி. வெறுங்கையோடு இறங்கவந்த இளைஞரைத் திருப்பி அனுப்பினேன். தோலில் பட்டால் தடிப்பும் அரிப்பும், மகரந்தத்தால் தும்மலும் மூச்சுத்திணறலும் வரும். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து உலகின் பல கண்டங்களில் பரவிவிட்ட செடி இது. ஒரே செடி பல்லாயிரம் விதைகளைக் கொட்டும். காற்றும் மழைநீரும் செருப்பு மண்ணும் அவற்றைச் சுமந்து போகும். பூக்கும் முன்பே பிடுங்கியிருந்தால் பாதி வேலை மிச்சம். பூத்தவற்றைத் தனியாகச் சாக்கில் கட்டினோம். உரக்குழியில் போட்டால் உரத்தோடு விதையும் எல்லாத் தோட்டங்களுக்கும் போய்ச் சேரும்.

கோரைதான் கண்ணீர் வரவழைத்தது. மேலே மெல்லிய புல், கீழே கறுத்த கிழங்குகள் நூலிழை போன்ற தண்டில் ஒன்றையொன்று தொட்டு மண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. புல்லைப் பிடுங்கினால் கிழங்கு உள்ளே நின்றுவிடும். களைக்கொத்தால் கிண்டிச் சல்லடையில் சலித்து எடுத்தோம். முழுவதும் வந்திருக்காது, திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அந்தத் தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

குழந்தையை இடுப்பில் வைத்தபடி அவர் மனைவி வாசலில் வந்து நின்றார். குடிவந்த நாளிலிருந்து அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்ததே இல்லை என்றார்.

ஜூன் 18, புதன்

மழை விடவில்லை. மூலை வீட்டு சார் தாமாகவே போன் செய்தார்: தொட்டிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டாராம்.

ஜூன் 22, ஞாயிறு

கடைசி வீட்டு அக்காவைப் பார்க்கத்தான் தயங்கிக்கொண்டிருந்தேன். படத்தால் மிகவும் காயப்பட்டவர் அவர்தான். "ஒவ்வொரு செடியும் நான் வைத்தது. இவர்களுக்கு இது குப்பையா?" என்றார். குரல் நடுங்கியது.

எருக்கின் இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் ஒரு புழு: கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள், இடையிடையே மஞ்சள் புள்ளிகள், முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகள். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. அந்தப் பட்டாம்பூச்சி முட்டையிடுவது எருக்கிலும் அதன் இனத்தைச் சேர்ந்த செடிகளிலும்தான். இலையின் பாலில் உள்ள நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தவிர்க்கின்றன. செயலாளர் கேட்டபடி எல்லாவற்றையும் வெட்டிப் புல்தரை போட்டால், இந்த வரிசையில் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. நான் அக்காவின் பக்கம்தான், அதைச் சொல்லவும் செய்தேன்.

ஆனால் நடைபாதை விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. எருக்குக் கிளை சாய்ந்திருப்பது ஒரு சிறுபிள்ளையின் கண்ணின் உயரத்தில். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர்களும் கைத்தடி ஊன்றி நடப்பவர்களும் சாலையில் இறங்கித்தான் போகிறார்கள். "உள்ளே காடாக இருக்கட்டும் அக்கா, வெளியே வரவேண்டாம்" என்றேன். சற்று யோசித்துச் சரி என்றார்.

ஜோன் நாசவர் என்ற அமெரிக்க நிலவடிவமைப்பாளர் 1995-இல் எழுதியதையும் சொன்னேன். காட்டுத்தனமாக வளர்ந்த தோட்டத்தைக் கண்டு அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பது, அது கவனிப்பின்றிக் கிடக்கிறது என்று நினைப்பதால். இங்கே ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்று காட்டும் அடையாளம் தெரிந்தால் அதே தோட்டத்தை ஏற்றுக்கொள்வார்கள். ஓரத்தில் ஒரு பட்டைக்குச் சீராக வெட்டிய புல், ஒழுங்கான வேலி, கண்ணில் படும்படி சில பூச்செடிகள் போதும். அக்கா உடனே கத்தரியைத் தேடப் போய்விட்டார். வேலியோரம் இருவருமாக வெட்டினோம். வெட்டுமுன் ஒவ்வோர் எருக்கிலையையும் திருப்பிப் பார்த்து, புழு இருந்ததை உள்பக்கச் செடிக்கு மாற்றினார்.

ஜூன் 29, ஞாயிறு

சங்கக் கூட்டம். செயலாளர் வரைவு விதி கொண்டுவந்திருந்தார்: எல்லா வீட்டிலும் ஒரே அளவில் வெட்டிய புல், அனுமதிக்கப்பட்ட செடிகளின் பட்டியல், மீறினால் அபராதம். கடுமையாக எதிர்த்துப் பேசினேன். நம் வசதிக்காக ஒருவருடைய ரசனையை அபராதம் போட்டு அழிக்க நமக்கு அதிகாரம் இல்லை என்றேன். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆளாளுக்கு அடுத்தவர்மேல் அவரிடம் புகார் சொல்கிறார்கள், ஒருவர்கூட நேரில் போய்ப் பேசுவதில்லை. எல்லார் வருத்தமும் தன் தலையில் என்றார். உண்மைதான்.

கடைசியில் நிறைவேறியது வேறு. தேங்கிய தண்ணீர், பார்த்தீனியம், நடைபாதையை மறைக்கும் கிளை, திருப்பத்தில் வண்டி ஓட்டுபவரின் பார்வையை மறைக்கும் வேலி, இவற்றில் மட்டுமே சங்கம் தலையிடும். புகார் தருபவர் முதலில் அந்த வீட்டாரிடம் நேரில் பேசியிருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் தோட்டத்துக்கு ஒரு வரி கட்டாயம். குழுவில் யார் வீட்டுப் படத்தையும் போடக்கூடாது என்பதற்குச் செயலாளரே முதலில் கை தூக்கினார். அவரை அந்த நேரத்தில் மிகவும் மதித்தேன். முடியாதவர்களுக்கு உதவியாளர்கள் பட்டியல் வேண்டும் என்ற என் யோசனை மட்டும் ஒத்திவைக்கப்பட்டது. விடப்போவதில்லை.

ஜூலை 13, ஞாயிறு

வாடகை வீட்டில் கோரை மறுபடி தலைகாட்டியிருக்கிறது, எதிர்பார்த்ததுதான். தம்பி காலையிலேயே களைக்கொத்தோடு உட்கார்ந்திருந்தார். குப்பை விழுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. கேட் அருகே ஒரு குப்பைத்தொட்டி வைக்கச் சங்கத்திடம் கேட்டிருக்கிறோம்.

சூடான நாட்களில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால், வாரம் தவறாமல் பார்ப்பது என்று மூலை வீட்டு சாரும் நானும் முடிவு செய்திருக்கிறோம். இன்று பின்வரிசைக்குப் போனோம். பளிச்சென்று வெட்டிய புல்தரை, வரிசை பிசகாத தொட்டிகள், குடியிருப்பிலேயே அழகான தோட்டம் என்று எல்லோரும் பாராட்டும் வீடு. தொட்டிகளின் அடித்தட்டுகளில் புழு நெளிந்தது. அந்த வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். சார் பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு தண்ணீர் மீட்டர் குழிகளைத் திறந்து பார்க்க வேண்டும், சாவி செயலாளரிடம் இருக்கிறது.